நுங்கு வண்டி ஓட்டுவோம்

நாலைந்து வயதுப் பிள்ளையிடம் 'பூமியைக் காப்பாற்ற வேண்டும்' என்று சொன்னால் தலையாட்டும், அவ்வளவுதான். ஒரு பொருள் எங்கிருந்து வந்தது, ஓய்ந்த பின் எங்கே போகிறது என்பதைக் கையால் தொட்டுப் பார்க்க வைத்தால் போதும். அதற்கு நுங்கு வண்டியைவிடத் தோதான பொம்மை எனக்குத் தெரிந்து இல்லை. மறுசுழற்சிக் கைவினை என்று பிளாஸ்டிக் உறையில் சுற்றி விற்கும் பெட்டிகளை விட்டுத்தள்ளுங்கள்.

சித்திரை, வைகாசியில் நுங்கு வாங்கப் பிள்ளையையும் கூட்டிப்போங்கள். சீவுவதை அருகில் நின்று பார்க்கட்டும். தின்று முடித்ததும், கண் தோண்டிய காய்களில் ஒரே அளவாக, உருண்டையாக இரண்டைப் பிள்ளையே பொறுக்கட்டும். குப்பைக்குப் போகிற காய்தானே, கடைக்காரர் பெரும்பாலும் சும்மாவே தருவார். கறை பிடிக்கும், பழைய சட்டை போட்டுவிடுங்கள்.

அச்சுக்கு விரல் தடிமனில், ஒன்றரைச் சாண் நீளத்தில் ஒரு குச்சி. இரு முனைகளையும் பெரியவர்தான் கூராகச் சீவ வேண்டும். முனைக்கு ஒரு காயாக, மூன்று கண்களுக்கும் நடுவே இறுக்கமாகச் செருகுங்கள். மையம் தப்பினால் வண்டி நொண்டும். உடனே திருத்தப் போகாதீர்கள். ஏன் நொண்டுகிறது என்று பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். பிறகு, அதன் நெஞ்சளவுக்கு ஒரு கவட்டைக் கம்பு. கவட்டையை அச்சின் நடுவில் கொடுத்துத் தள்ளினால் வண்டி கிளம்பிவிடும். மரத்தை ஒடிக்காமல், கீழே விழுந்து கிடக்கும் கம்பாகத் தேடுவதே தனி விளையாட்டு.

சில நாளில் காய் வற்றிச் சுருங்கும், அச்சு லொடலொடக்கும். அழுகை வரலாம். அப்போது இரண்டாவது ஆட்டத்தைத் தொடங்குங்கள். ஒரு தொட்டி மண்ணில் அந்தக் காய், ஒரு வாழைப்பழத் தோல், உடைந்த பிளாஸ்டிக் பொம்மையின் கால் மூன்றையும் தனித்தனியாகப் புதைத்து, மேலே அடையாளக் குச்சி நடுங்கள். மண் காயாமல் தண்ணீர் தெளித்து, மாதம் இரண்டு முறை தோண்டிப் பாருங்கள். முதலில் தோல் காணாமல் போகும். காய் நார் நாராகப் பிரிந்து, மாதக்கணக்கில் மெல்ல மட்கும். பொம்மைக் கால் போட்டபடியே கிடக்கும். ஒவ்வொரு முறையும் கண்டதைப் பிள்ளை படமாக வரையட்டும். விளக்கம் சொல்ல நமக்கு நாக்கு துறுதுறுக்கும். பிள்ளை கேட்கும்வரை அடக்கிக்கொள்ளுங்கள்.

நுங்கு இல்லாத மாதங்களில் பனையோலைக் காற்றாடி செய்யலாம். நடுவில் குத்த வேலமுள்தான் வழக்கம்; சின்னப் பிள்ளைகளுக்கு முனை மழுக்கிய ஈர்க்குச்சி போதும்.