அவசர ஊர்தியும் ஊராரின் கடமையும்

கிராமத்தில் ஒருவருக்கு நள்ளிரவில் நெஞ்சுவலி கண்டால், கயிற்றுக் கட்டிலில் அவரைக் கிடத்தி, நால்வர் தோள்கொடுத்து, வரப்பும் வாய்க்காலும் கடந்து பெருஞ்சாலையை அடைந்து, அங்குக் கிடைத்த வண்டியில் ஏற்றி நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்ற காலம் ஒன்று இருந்தது. அவ்வாறு புறப்பட்டோரில் பலர் வழியிலேயே உயிர் நீத்ததை நம் ஊர்ப் பெரியோர் இன்றும் சொல்லக் கேட்கிறோம். மலையூர்கள் சிலவற்றில் அந்நிலை இன்னும் முற்றிலும் நீங்கிவிடவில்லை. எனினும், 2008-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தமிழ்நாட்டில் 108 அவசர ஊர்திச் சேவை தொடங்கியதிலிருந்து, பெரும்பாலான ஊர்களில் நிலைமை வெகுவாக மாறியிருக்கிறது. எந்தத் தொலைபேசியிலிருந்தும் கட்டணமின்றி அழைக்கலாம். இரவு பகல் எந்நேரமும் ஊர்தி வரும். ஆஸ்பத்திரி வரை கொண்டு சேர்க்கக் காசு கேட்பதில்லை.

இவ்வசதியை நாம் நன்கு அறிவோம். ஆனால், அவ்வூர்தியில் வருவோரின் தொழில் எத்தகையது, அதில் அவர்களை மனம் சோரச் செய்வன யாவை, அச்சோர்வில் நமக்குள்ள பங்கு என்ன என்பனவற்றை நாம் அதிகமாகச் சிந்தித்ததில்லை. அவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊர்தியில் வருவோர் யாவர்?

ஊர்தியில் டாக்டர் ஒருவர் வருவார் என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. வருவோர் இருவரே. ஒருவர் மருத்துவ உதவியாளர். செவிலியப் படிப்போ அறிவியல் படிப்போ முடித்தபின் அவசர சிகிச்சையில் தனிப் பயிற்சி பெற்றவர். மற்றவர் ஓட்டுநர், இவரைப் ‘பைலட்’ என்றும் அழைப்பர். பிராணவாயு உருளை, இரத்த அழுத்தமானி, எலும்பு முறிவுக்குக் கட்டும் மட்டைகள், பிரசவத்திற்கான கருவிகள், மூச்சு நின்றவருக்குக் கையால் அழுத்தி மூச்சூட்டும் பை முதலியவை ஊர்தியில் உள்ளன. சில ஊர்திகளில் செயற்கைச் சுவாச இயந்திரமும் உண்டு. சென்னையிலுள்ள கட்டுப்பாட்டு அறையின் டாக்டரிடம் தொலைபேசி வாயிலாக ஆலோசனை பெற்று, உதவியாளர் சிகிச்சையைத் தொடங்குகிறார். ஓடும் ஊர்தியிலேயே பிரசவம் பார்த்துத் தாயையும் சேயையும் நலமாகக் கொண்டு சேர்ப்பதும் இவர்களுடைய பணிகளுள் ஒன்று. பன்னிரண்டு மணி நேர முறைப்பணியில் எப்போது உண்பது, எப்போது சற்றுச் சாய்வது என்பது அவர்கள் கையில் இல்லை.

குருதியும் கூக்குரலும் மரணமும் நாள்தோறும் காணும் தொழில் இது. ஆயினும் இத்தொழிலை மேற்கொண்டோர் அவற்றை எதிர்பார்த்தே வருகின்றனர். காப்பாற்றக்கூடிய உயிர், காரணமற்ற தாமதத்தால் கைநழுவிப் போவதே பயிற்சி பெற்ற ஒருவரைப் பெரிதும் வாட்டுவது. இதனை ஓர் உதாரணத்தால் விளக்குவோம்.

ஓர் உதாரணம்

மழைக்காலத்து இரவு. தரையில் பாய் விரித்து உறங்கும் ஓர் உழவரைக் கட்டுவிரியன் தீண்டிவிடுகிறது. இப்பாம்பின் கடிவாயில் வலியோ வீக்கமோ அதிகம் இராது; ஆகவே தீண்டியதையே அவர் அறியவில்லை. பின்னிரவில் கடும் வயிற்றுவலி எடுக்கிறது. வீட்டார் அஜீரணம் என்று கருதிக் கஷாயம் வைத்துக் கொடுக்கின்றனர். விடியும் தறுவாயில் இமைகள் தாழ்கின்றன, நாக் குழறுகிறது. ‘பூச்சி தீண்டியிருக்குமோ’ என்று ஐயுற்று, மந்திரிப்பவரை அழைத்து வர ஆள் அனுப்புகின்றனர். அதில் மேலும் ஒரு மணி நேரம் கழிகிறது. அதன் பின்னரே ஒருவர் 108-ஐ அழைத்து, “கோயில் தெருவுக்கு உடனே வாருங்கள்” என்று சொல்லித் தொடர்பைத் துண்டித்துவிடுகிறார்.

அவ்வூராட்சியில் கோயில் தெரு இரண்டு. ஒன்று தாய்க் கிராமத்திலும் மற்றொன்று குக்கிராமத்திலும் உள்ளன. ஓட்டுநர் திரும்ப அழைத்தால், உறவினர்க்குச் செய்தி சொல்லும் பரபரப்பில் அந்தத் தொலைபேசி ஓய்வின்றிப் பேசிக்கொண்டிருக்கிறது. ஊர்தி முதலில் தவறான தெருவுக்குச் செல்கிறது. சரியான தெருவை அடைந்தால், திருவிழாப் பந்தலின் கால்கள் வழியை அடைத்து நிற்கின்றன. இருவரும் தூக்குப் படுக்கையைச் சுமந்துகொண்டு ஓடுகின்றனர். வீட்டைச் சுற்றி நின்ற கூட்டம் விலக மறுக்கிறது.

கட்டுவிரியன் விஷம் மூச்சுத் தசைகளைச் செயலிழக்கச் செய்வது. மூச்சு நின்றாலும் இருதயம் உடனே நின்றுவிடுவதில்லை. அந்நேரத்தில் பையை அழுத்தி மூச்சூட்டிக்கொண்டே ஆஸ்பத்திரியை அடைந்துவிட்டால், விஷமுறிவு மருந்தும் செயற்கைச் சுவாசமும் கொடுத்து அவரைப் பிழைக்க வைக்க இடமுண்டு. உதவியாளர் இதனை அறிவார். ஆகவே குலுங்கும் ஊர்தியில் முழந்தாளிட்டு, வழி நெடுகப் பையை விடாமல் அழுத்திக்கொண்டே செல்கிறார். அரைமணி நேரம் முன்னதாக அழைத்திருந்தால் நிலைமை எவ்வாறு இருந்திருக்கும் என்பதையும் அவர் அறிவார். ஆஸ்பத்திரி வாயிலில் உறவினர் அவரைச் சூழ்ந்துகொண்டு, “ஏன் இவ்வளவு தாமதம்?” என்று சினந்து கேட்கின்றனர். அவர் மறுமொழி சொல்லவில்லை. நோயாளியை ஒப்படைத்து முடிப்பதற்குள் அடுத்த அழைப்பு வந்துவிடுகிறது.

தாமதம் எங்கே நேர்கிறது?

இந்நிகழ்ச்சியில் கழிந்த நேரத்தை நான்காகப் பகுக்கலாம். நோயை உணர்ந்து அழைக்கும் வரை கழிந்த நேரம் ஒன்று. இருப்பிடத்தைக் கண்டுபிடிக்கக் கழிந்தது இரண்டாவது. சாலையில் ஓடியது மூன்றாவது. வீட்டு வாயிலிலிருந்து ஊர்திக்குக் கொண்டுவரக் கழிந்தது நான்காவது. இவற்றுள் மூன்றாவது மட்டுமே ஓட்டுநரின் திறமையைச் சார்ந்தது. எஞ்சிய மூன்றும் பெரும்பாலும் ஊராரின் கையில் உள்ளன. ஊர்தியின் வேகத்தைப் பற்றி நாம் குறைகூறுமுன் இக்கணக்கை நினைவிற் கொள்ளுதல் நலம்.

ஊரார் செய்யத்தக்கவை

முதலாவது, அழைப்பதில் தயக்கம் கூடாது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒருபக்கம் கைகால் விழுதல், வாய் கோணுதல், நினைவிழத்தல், வலிப்பு, பாம்புக்கடி, விஷம் உட்கொள்ளுதல், பிரசவ வேதனை, பெருங்காயம் இவற்றில் எதுவாயினும் உடனே அழைக்க வேண்டும். மூளையின் இரத்தக்குழாய் அடைபட்டதால் வந்த பக்கவாதத்தில், அடைப்பைக் கரைக்கும் மருந்தை நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்தினால்தான் பயனுண்டு. ‘விடியட்டும் பார்க்கலாம்’ என்று காத்திருப்பவர் அவ்வாய்ப்பை இழந்துவிடுகிறார்.

இரண்டாவது, செய்தியைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மாவட்டம், வட்டம், ஊராட்சி, குக்கிராமம், தெரு, அருகிலுள்ள அடையாளம் ஆகியவற்றை வரிசையாகச் சொல்லி, நோயாளிக்கு நினைவு இருக்கிறதா, மூச்சு வருகிறதா என்பதையும் கூற வேண்டும். கேள்வி கேட்பவர் வீணே காலம் போக்குவதாக எண்ணலாகாது. அழைத்த தொலைபேசியை வேறு எவருக்கும் பேசாமல் வைத்திருத்தல் வேண்டும். இரவாயின் ஓர் இளைஞர் கைவிளக்குடன் சாலை முனையில் நின்று வழிகாட்டலாம்.

மூன்றாவது, வழியைத் திறந்து வைக்க வேண்டும். தெருக்களில் நிரந்தரமாக வண்டிகளை நிறுத்துவதும், பந்தலால் முழு வழியையும் அடைப்பதும் தவிர்க்கத்தக்கன. சாலையில் அவசர ஊர்திக்கு வழிவிடாதோருக்கு 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையோ விதிக்க இடமளிக்கிறது.

நான்காவது, ஊர்தி வரும்வரை கைகட்டி நிற்றலாகாது. இருதயம் நின்றுவிட்டால் நான்கைந்து நிமிடங்களில் மூளை பழுதடையத் தொடங்கும். எவ்வளவு விரைவான ஊர்தியும் அதற்குள் நம் ஊரை அடைவது அரிது. ஆகவே நினைவும் இயல்பான மூச்சும் இல்லாதவரைக் கெட்டியான தரையில் மல்லாக்கக் கிடத்தி, மார்பின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை வரை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம் அழுத்திவர வேண்டும். களைப்பு ஏற்படாதபடி இரண்டு நிமிடத்திற்கு ஒருமுறை ஆள் மாறலாம். இரத்தம் பெருகும் காயத்தைத் தூய துணியால் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். பாம்பு கடித்த இடத்தைக் கீறுவதும், உறிஞ்சுவதும், கயிற்றால் இறுகக் கட்டுவதும் தீங்கு விளைவிப்பன. கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, நோயாளியை நடக்கவிடாமல் கொண்டு செல்வதே முறை. பாம்பை அடித்து எடுத்துச் செல்லவும் வேண்டுவதில்லை. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் ஒரே மருந்து முறிக்கும். நினைவற்றவர் வாயில் சோடாவோ நீரோ ஊற்றுதல் கூடவே கூடாது. விபத்தில் சிக்கியவரைக் கைகாலைப் பற்றி இழுத்தால் முதுகெலும்பு பழுதாகக்கூடும். தீ போன்ற ஆபத்து இல்லாதவிடத்து, ஊர்தி வரும்வரை அவரை அசைக்காதிருப்பது நன்று.

ஐந்தாவது, தேவையற்ற அழைப்புகளைத் தவிர்க்க வேண்டும். விளையாட்டாக அழைப்பதும், பேருந்துச் செலவை மிச்சப்படுத்த அழைப்பதும் மற்றொருவர் உயிரோடு விளையாடுவதாகும். வட்டாரத்து ஊர்தி அங்குச் சென்றிருக்கும் வேளையில் உண்மையான ஆபத்து நேர்ந்தால், தொலைவிலுள்ள வேறோர் ஊர்தி வர வேண்டியதாகிறது. உடல்நலம் பற்றிய ஆலோசனைக்கு 104 என்ற எண் உண்டு. பிரசவித்த தாயையும் சேயையும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டில் கொண்டு விடுவதற்கு 102 சேவை உண்டு. இறந்தவர் உடலைக் கொண்டு செல்வது 108 ஊர்தியின் பணி அன்று. அரசு ஆஸ்பத்திரிகளிலிருந்து அதற்கெனத் தனியே அமரர் ஊர்தி இருக்கிறது. இதனை அறியாமல் துக்கத்தில் இருப்போர் ஊழியரிடம் சச்சரவு செய்வது இரு தரப்பினருக்கும் வேதனை தருகிறது.

ஆறாவது, சட்டத்தைப் பற்றிய வீண் அச்சம் வேண்டா. சாலை விபத்தில் உதவினால் போலீஸ் விசாரணைக்கு அலைய நேரும் என்று அஞ்சி விலகிச் செல்வோர் உளர். நல்லெண்ணத்துடன் உதவியவர் மீது வழக்குத் தொடர முடியாதபடி அதே 2019-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. பெயர், முகவரி கூறுமாறு அவரைக் கட்டாயப்படுத்தவும் இயலாது. செலவைப் பற்றியும் தயங்க வேண்டுவதில்லை. 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம், சாலை விபத்தில் காயமுற்றோருக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமில்லா அவசர சிகிச்சை கிடைக்க வழிசெய்திருக்கிறது.

நிர்வாகத்தார் கவனத்திற்கு

பழியனைத்தையும் ஊரார் மீது சுமத்துதல் முறையாகாது. நீண்ட பணிநேரம், போதிய ஓய்வின்மை, பல ஆண்டுகள் உழைத்தும் அதற்கேற்ற உயர்வு இல்லாமை ஆகியவற்றைப் பற்றி ஊழியர்கள் பலமுறை எடுத்துக் கூறியுள்ளனர். ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்கும் வரை தூக்குப் படுக்கையைத் திரும்பப் பெற இயலாமல் ஊர்தி காத்து நிற்பதும் உண்டு. வழியில் தாங்கள் கண்டதையும் செய்ததையும் சொல்லும்போது செவிகொடுத்துக் கேட்பார் இல்லையே என்பது உதவியாளர்களின் நியாயமான மனக்குறை. அவர் தரும் குறிப்பு நோயாளிக்கு நடந்த சிகிச்சையின் முதற்பக்கம். அதனைப் பொறுமையாகக் கேட்டுப் பெற்றுக்கொள்ளுதல் ஆஸ்பத்திரியாரின் கடமையாகும்.

கிராம சபையில் எடுத்துக்கொள்ளத்தக்க பணிகள்

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் அரைமணி நேரத்தை இதற்கென ஒதுக்குமாறு ஊராட்சித் தலைவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். குக்கிராமங்கள் தோறும் பெயர்ப்பலகையும் வீடுகளுக்குத் தெளிவான எண்களும் அமைத்தல். ஊர்தி நுழைய முடியாத தெருக்களைக் கணக்கெடுத்து, அத்தெருவினர் நோயாளியை எவ்விடத்திற்குக் கொண்டுவர வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்தல். சுய உதவிக் குழு மகளிருக்கும் இளைஞர்களுக்கும் கிராம சுகாதாரச் செவிலியரின் துணையுடன் முதலுதவிப் பயிற்சி அளித்தல். கருவுற்ற தாய்மார்கள் உள்ள வீடுகளில் ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டிய துணிமணி, மருத்துவச் சீட்டு முதலியவற்றை முன்னதாகவே எடுத்து வைக்கச் செய்தல் ஆகியவை பெரும் பொருட்செலவின்றி நிறைவேறக் கூடியவை.

மற்றொன்றையும் சொல்லி முடிப்போம். ஓர் உயிரைக் கொண்டு சேர்த்த ஊழியர், அவர் பிழைத்தாரா இல்லையா என்பதைப் பெரும்பாலும் அறிவதில்லை. மேலே கூறிய உழவருக்காக வழி நெடுகப் பையை அழுத்திய உதவியாளரும், அடுத்த அழைப்புக்குச் சென்ற பின் அவரைப் பற்றி யாதொரு செய்தியும் பெறமாட்டார். நம் வட்டாரத்து ஊர்தி எங்கே நிற்கிறது என்பது நமக்குத் தெரியும். நோயாளி நலம்பெற்று வீடு திரும்பியதும், குடும்பத்தார் ஒருவர் அங்குச் சென்று, “அன்று நீங்கள் கொண்டு சேர்த்தவர் நலமாக இருக்கிறார்” என்று ஒரு சொல் சொல்லிவிட்டு வரலாம். நோயாளி பிழைக்காமற் போனாலும், அவர்கள் செய்த முயற்சியை நாம் அறிவோம் என்று சொல்லலாம். அச்சொல் அவ்வூழியருக்கு அடுத்த இரவின் பணிக்கு ஊக்கமளிக்கும்.

கலந்துரையாடலுக்குரிய வினாக்கள்

1. நம் ஊரில் கடைசியாக அவசர ஊர்தி வந்தபோது, அழைப்பதற்கு முன் எவ்வளவு நேரம் கழிந்தது? அதற்குக் காரணம் யாது?

2. இருட்டில் வரும் வெளியூர் ஓட்டுநர் ஒருவர், யாரையும் கேளாமல் நம் தெருவைக் கண்டுபிடிக்க முடியுமா?

3. மூச்சு நின்றவருக்கு மார்பை அழுத்தும் முறை அறிந்தவர்கள் நம் தெருவில் எத்தனை பேர்?