ஒரு குழாய், நாலு குடம் – லேப்டாப்புக்கு ஹப் வாங்கும் முன்…



அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று நம்ம திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. அதன் பிறகு ஆர்.கே.பேட்டை பக்கத்திலும் பிள்ளைகள் படித்த வீடுகளுக்கு லேப்டாப் வந்தது. இன்று நம் கூட்டமைப்பு அலுவலகக் கணக்கும் லேப்டாப்பில்தான் ஏறுகிறது. அதனால் இந்த மாதப் பாடம், லேப்டாப்போடு சேர்த்து வாங்கும் 'யு.எஸ்.பி. ஹப்' பற்றியது.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். நம் அலுவலக லேப்டாப்பில் யு.எஸ்.பி. துளை மூன்றுதான். மவுஸ், விரல்ரேகைக் கருவி, பிரிண்டர், ஹார்டு டிஸ்க் என்று சொருக வேண்டியதோ நாலு. "ஒரு துளையை நாலு துளை ஆக்குற ஹப் மலிவா கிடைக்குதே" என்று ஒன்று வாங்கினோம். மாதக் கடைசியில் குழுக்களின் தவணைக் கணக்கை ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றும்போது, பாதியில் 'டிக் டிக்' என்று சத்தம் வந்து டிஸ்க் நின்றுவிட்டது. அந்தக் கோப்பு அப்புறம் திறக்கவே இல்லை. லேப்டாப்பிலும் வைத்துக்கொள்ளாமல், 'கட்' செய்து மாற்றியது நம் இன்னொரு தவறு. கையால் எழுதிய பேரேடு இருந்ததால் பிழைத்தோம். மூன்று நாள் உட்கார்ந்து மறுபடி ஏற்றினோம்.

ஏன் இப்படி ஆச்சு?

தெருக்குழாயை நினைத்துப் பாருங்கள். ஒரு குழாயில் நாலு கிளை வைத்தால் நாலு குடம் வைக்கலாம். ஆனால் வருகிற தண்ணீர் அதே அளவுதானே! ஹப்பும் அப்படித்தான். அது துளையைக் கூட்டும், மின்சாரத்தைக் கூட்டாது.

யு.எஸ்.பி. துளை தகவலையும் கொண்டு போகும், கருவிக்கு மின்சாரமும் கொடுக்கும். யு.எஸ்.பி. 1996-இல் வந்தது. அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர், நம் நாட்டு வதோதராவில் படித்த அஜய் பட். அதற்கு முன் பிரிண்டருக்கு ஒரு துளை, மவுஸுக்கு ஒரு துளை என்று தனித்தனியாக இருந்தன.

பழைய 2.0 வகைத் துளை 500 மில்லி ஆம்பியர் மின்சாரம் தரும். 3.0 வகை 900 தரும். 3.0 துளையின் உள்ளே பெரும்பாலும் நீல நிறம் இருக்கும். தகவலும் அதில் வேகமாகப் போகும்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு போடுவோம். மவுஸ் 100, விரல்ரேகைக் கருவி 300, ஹார்டு டிஸ்க் 700 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 1,100. துளை தருவதோ 900. யாரோ ஒருவர் குடம் நிறையாமல் திரும்பத்தானே வேண்டும்! நம் விஷயத்தில் திரும்பியது ஹார்டு டிஸ்க். உங்கள் கருவிக்கு எவ்வளவு தேவை என்பது அதன் அடியிலோ, பெட்டியிலோ, கையேட்டிலோ போட்டிருக்கும்.

செலவில்லாத வழி

புதிதாக வாங்குமுன் இதைச் செய்து பாருங்கள். ஹார்டு டிஸ்க்கை நேராக லேப்டாப்பில் சொருகுங்கள். மவுஸ், பிரிண்டர் இரண்டையும் ஹப்பில் போடுங்கள். பிரிண்டருக்குத் தனி மின் இணைப்பு இருப்பதால் ஹப்புக்கு அது பாரம் இல்லை. செல்போன் சார்ஜ் போட மட்டும் ஹப்பைத் தொடாதீர்கள். நம் அலுவலகத்தில் இப்படி மாற்றியதுமே பிரச்சினை தீர்ந்தது!

வாங்கித்தான் ஆகணும் என்றால்

1. சாதா ஹப்: மவுஸ், கீபோர்டு, பென்டிரைவ் மட்டும் என்றால் இது போதும்.

2. அடாப்டர் உள்ள ஹப்: இது சுவர் பிளக்கிலிருந்து தனியாக மின்சாரம் எடுக்கும். ஹார்டு டிஸ்க் போன்றவற்றுக்கு ஏற்றது. அடாப்டரில் 5 வோல்ட், 2 ஆம்பியர் என்று இருந்தால் 2,000 மில்லி ஆம்பியர் என்று அர்த்தம். பி.ஐ.எஸ். முத்திரையும், 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் கரண்ட் போனால் அந்த அடாப்டரும் நின்றுவிடும். லேப்டாப் பேட்டரியில் ஓடினாலும் ஹப்பில் உள்ள டிஸ்க் நின்றுபோகலாம். எனவே கணக்கு மாற்றும்போது நேர்த்துளையே நல்லது.

3. டாக்கிங் ஸ்டேஷன்: ஒரே ஒயரில் பெரிய திரை, இணைய கேபிள், மவுஸ், சார்ஜ் எல்லாம். விலை அதிகம். லேப்டாப்பில் டைப்-சி துளை இருந்தால் மட்டும் போதாது, அந்தத் துளை படத்தையும் அனுப்பக்கூடியதாக இருக்கணும். சார்ஜும் அதிலேயே ஏறணும் என்றால், லேப்டாப் சார்ஜரின் வாட் எவ்வளவோ அதற்குக் குறையாமல் டாக் தரணும். பழைய லேப்டாப்புக்கு இது வேண்டாம். பெரிய திரைதான் தேவை என்றால் எச்.டி.எம்.ஐ. துளையில் நேராக மாட்டிக்கொள்ளலாம்.

கடையில் எப்படிக் கேட்பது?

திருத்தணிக்கோ சோளிங்கருக்கோ போகும்போது லேப்டாப்பையும் கருவிகளையும் கையோடு எடுத்துப் போங்கள். "அண்ணே, இதுக்குத் தனி அடாப்டர் இருக்கா? எத்தனை ஆம்பியர்? 3.0-வா, 2.0-வா? எல்லாத்தையும் மாட்டிக் காட்டுங்க" என்று கேளுங்கள். கூச்சம் வேண்டாம். கூட்டமைப்புப் பணம் ஒவ்வொரு உறுப்பினரின் சேமிப்பு அல்லவா!

வாங்குமுன் கூட்டத்தில் தீர்மானம் போடுங்கள். இரண்டு மூன்று கடையில் விலைப்புள்ளி வாங்குங்கள். ரசீதும் உத்தரவாதமும் கூட்டமைப்பின் பெயரில் இருக்கட்டும். பொருளை இருப்புப் பதிவேட்டில் ஏற்றுங்கள். கடையில் நியாயம் கிடைக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

கடைசியாக ஒன்று. கணக்கை 'கட்' செய்யாமல் 'காப்பி' செய்யுங்கள். டிஸ்க்கில் கோப்பு திறக்கிறதா என்று பார்த்த பிறகே, முறைப்படி 'எஜெக்ட்' கொடுத்து எடுங்கள். பேரேட்டையும் விடாதீர்கள். நம்மைக் காப்பாற்றியது அதுதான்!

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்

• நம் லேப்டாப்பில் எத்தனை துளை? அதில் நீல நிறம் எத்தனை?
• எந்தக் கருவிக்கு எவ்வளவு மின்சாரம் தேவை?
• தவணைக் கணக்கின் நகல் இப்போது எங்கே இருக்கிறது? கடைசியாக அதைத் திறந்து பார்த்தது எப்போது?