மாதவிடாய் அதிகமாகப் போகிறதா? கர்ப்பப்பை நார்க்கட்டி பற்றி அறிவோம்

வெங்காயம் கிண்ட வரும் தாய்மாரில் ஒருவர் மாதத்தில் நாலைந்து நாள் வேலைக்கு வரமாட்டார். கேட்டால் "உடம்புச் சூடு" என்பார். முகம் வெளிறியிருக்கும். நாலு வாளி தண்ணீர் அள்ளினால் மூச்சு வாங்கும். இடம்பெயர்ந்த கவலையும் சாப்பாட்டுக் குறைவும்தான் காரணம் என்று நாமும் நினைத்திருந்தோம். மருத்துவமாது தனியாக இருத்தி விசாரித்தபோதுதான் விடயம் வெளிவந்தது. மாதவிடாய் பத்து நாள்வரை போகிறது, இரவில் இரண்டு தரம் எழும்பித் துணி மாற்றுகிறார். ஸ்கான் செய்ததில் கர்ப்பப்பைக்குள் தேசிக்காய் அளவில் ஒரு கட்டி தெரிந்தது.

வைத்தியர்கள் பைபுரொயிட் என்று சொல்வது இந்த நார்க்கட்டியைத்தான். கர்ப்பப்பையின் தசையில் வளர்வது. பயறு அளவிலும் இருக்கும், பனங்காய் அளவுக்கும் பெருக்கும். 30 வயதுக்கும் 50 வயதுக்கும் இடையிலேயே அதிகம் காணப்படும். இது புற்றுநோய் அல்ல. புற்றுநோயாக இருப்பது மிக அரிது. செய்வினையால் வருவதுமல்ல. பெண்ணுடலில் சுரக்கும் ஓமோன்களே இதை வளர்க்கின்றன. ஆகவே மாதவிடாய் முற்றாக நின்றபின் பெரும்பாலும் சுருங்கிவிடும். கட்டி இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடிக்கும் பெண்கள் பலர்.

அப்படியானால் சிலருக்கு மட்டும் ஏன் இவ்வளவு இரத்தம் போகிறது? கட்டியின் பருமனைவிட அது இருக்கும் இடமே முக்கியம். மாதவிடாயின்போது கர்ப்பப்பைத் தசை இறுகி இரத்தக் குழாய்களை நெரிக்கும். தண்ணீர் கட்டியபின் மடையை அடைப்பதுபோல. மடைவாயில் கல் கிடந்தால் அடைப்பு இறுகாது, தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். உட்சுவரை ஒட்டி வளரும் கட்டியும் அப்படித்தான். சிறிதாக இருந்தாலும் தசையை இறுகவிடாது, இரத்தம் கசியும் உட்பரப்பையும் கூட்டிவிடும். வெளிப்பக்கமாக வளரும் கட்டி பெரிதானாலும் மாதவிடாயை அவ்வளவு மாற்றாது. அது சலப்பையை அமத்தி அடிக்கடி சிறுநீர் வரச்செய்யும், மலச்சிக்கலைக் கொடுக்கும்.

நார்க்கட்டியால் பொதுவாக மாதவிடாய் வரும் திகதி குழம்புவதில்லை. முறைப்படி வரும், ஆனால் கூடப் போகும், கூட நாள் போகும். திகதி தாறுமாறாகினாலோ, இரண்டு மாதவிடாய்க்கு இடையில் இரத்தம் பட்டாலோ வேறு காரணமும் இருக்கலாம். மாதவிடாய் நின்று ஒரு வருடம் கடந்தபின் ஒரு துளி இரத்தம் பட்டாலும் "பழைய கட்டிதானே" என்று இருந்துவிடக் கூடாது. புற்றுநோய் இல்லை என்று உடனே சோதித்துப் பார்க்கவேண்டும்.

எவ்வளவு போனால் அதிகம்? சாதாரணமாக ஒரு மாதவிடாய் முழுவதற்கும் 30 முதல் 40 மில்லிலீற்றர்வரை போகும். 80க்கு மேல் போனால் அதிகம். இதை யார் அளக்கப்போகிறார்கள்! துணியை எண்ணுங்கள். ஒரு மணித்தியாலத்துக்கோ இரண்டு மணித்தியாலத்துக்கோ ஒருமுறை துணி நனைந்து மாற்றவேண்டி வந்தால், ஐந்து ரூபாய்க் குற்றியிலும் பெரிய இரத்தக்கட்டி விழுந்தால், ஏழு நாளுக்கு மேல் நீடித்தால் காட்டவேண்டும். தலை சுற்றி விழுமளவுக்குப் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். துணி காயப்போடக்கூட மறைவில்லாத இடத்தில் இருந்து பழகிய எமது பெண்கள் இதையும் மறைத்தே பழகிவிட்டார்கள். மகளுக்காவது சொல்லிவையுங்கள்.

மாதாமாதம் இப்படிப் போனால் இரத்தச்சோகை பிடிக்கும். ஈமோகுளோபின் 12க்குக் கீழே இறங்கினால் இரத்தச்சோகை. முருங்கையிலை, நெத்தலி, பயறு எல்லாம் நல்லவை. தேசிக்காய்ப் புளி சேர்த்தால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் அந்தச் சத்து சேராது. ஒரு மணித்தியாலமாவது பொறுத்துக் குடியுங்கள். ஆனால் இரத்தச்சோகை கடுமையானால் கீரை மட்டும் போதாது, இரும்புச்சத்துக் குளிசையும் வேண்டும். அதனால் மலம் கறுத்துப் போகும், பயப்படவேண்டாம்.

கட்டி என்றதும் கர்ப்பப்பையை எடுத்துவிடுவார்கள் என்று பயந்தே பலர் போகாமல் இருக்கிறார்கள். இரத்தப்போக்கைக் குறைக்கும் குளிசைகள் உண்டு. ஓமோன் மருந்து உண்டு. பிள்ளை வேண்டுமென்பவர்களுக்குக் கட்டியை மட்டும் அகற்றும் சத்திரசிகிச்சையும் உண்டு. தொந்தரவு தராத கட்டியை அப்படியே விட்டுக் கவனிப்பார்கள். குடும்பக் கட்டுப்பாட்டுக்குச் செப்பு லூப் போட்டிருப்பவர் அதையும் வைத்தியரிடம் சொல்லவேண்டும். அதனாலும் இரத்தப்போக்கு கூடும்.

35 வயதைத் தாண்டிய பெண்களுக்கென்று 1996இல் தொடங்கிய கிளினிக்குகளைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் நடத்துகின்றன. காசு இல்லை. கிளினிக் நாளை மருத்துவமாதுவிடம் கேளுங்கள். போகும்போது மூன்று மாதக் கலண்டர்த் தாளைக் கொண்டுபோங்கள்: மாதவிடாய் தொடங்கிய நாள், நின்ற நாள், ஒவ்வொரு நாளும் மாற்றிய துணிகளின் எண்ணிக்கை. எழுதத் தெரியாதவர் ஒரு துணிக்கு ஒரு கோடு போட்டாலும் வைத்தியருக்கு விளங்கும்.