புத்தகத்தை மூடி வைக்கும் வயது எது?

 



பிளஸ் டூ ரிசல்ட் வந்திருக்கிற நேரம் இது. முத்தாபுதுப்பேட்டையில் நம் தெருக்களில் இன்று மூன்று விதமான வீடுகள் இருக்கின்றன. நல்ல மார்க் வாங்கியதற்காக அக்கம்பக்கத்தாருக்கு இனிப்பு கொடுக்கிற வீடு ஒன்று. ஒரு பாடம் போய்விட்டதே என்று யார் முகத்திலும் விழிக்காமல் இருக்கிற வீடு ஒன்று. பிள்ளை பாஸாகியும், "படித்தது போதும், வேலைக்குப் போ" என்றோ, "படித்தது போதும், மாப்பிள்ளை பார்ப்போம்" என்றோ முடிவெடுத்துவிட்ட வீடு இன்னொன்று. மூன்று வீட்டாருக்கும் சொல்ல வேண்டியது ஒன்றுதான். பன்னிரண்டாம் வகுப்போடு முடிந்துவிடுகிற கல்வி நம் மார்க்கத்தில் கிடையாது.

நாற்பது வயதில் வந்த கட்டளை

ஹிரா குகையில் முதல் வஹீ இறங்கியபோது நாயகம் (ஸல்) அவர்களின் வயது 40. அந்த வஹீ ஓதும்படியான கட்டளையோடு தொடங்கியது. எழுதுகோலைப் பற்றியும் அதில் பேசப்பட்டது. பின்னர் தாஹா சூராவின் 114ஆவது வசனத்தில், கல்வியை அதிகப்படுத்தித் தரும்படி தன்னிடம் கேட்குமாறு அல்லாஹ் தன் ஹபீபுக்குக் கட்டளையிட்டான். பொருளையோ பதவியையோ அதிகமாகக் கேட்கச் சொல்லவில்லை. வஹீ இறங்கிக்கொண்டிருந்த நபியவர்களுக்கே இந்தக் கட்டளை என்றால், நமக்கு எந்த வயதில் கல்வி போதுமானதாக ஆகும்?

கஹ்ஃப் சூராவில் மூஸா (அலை) அவர்களின் பயணத்தைப் படித்துப் பாருங்கள். தவ்ராத் வேதம் கொடுக்கப்பட்ட நபி அவர்கள். தமக்குத் தெரியாத ஒன்று இன்னொருவருக்குத் தெரியும் என்று அறிந்ததும் மாணவராகப் புறப்பட்டார்கள். களைத்துப் போகும் அளவுக்கு நடந்தார்கள்.

வேலைக்கு இழுக்கப்பட்ட பிள்ளை

ஹனஃபி மத்ஹபின் பெரும் தூணான இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள் கூஃபாவில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர்கள். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் மஜ்லிஸுக்குப் போய் அமர்வார்கள். வீட்டில் சம்மதம் இல்லை. தந்தை தடுத்தார் என்று ஒரு அறிவிப்பிலும், தந்தை இறந்துவிட்டதால் தாயார் கைத்தொழிலில் சேர்த்துவிட்டார் என்று இன்னொரு அறிவிப்பிலும் வருகிறது. எப்படி இருந்தாலும் காரணம் வறுமைதான். அந்த வீட்டாரைக் குறை சொல்ல முடியாது. அடுப்பு எரிய வேண்டுமே.

மாணவர் சில நாட்கள் வராததை ஆசிரியர் கவனித்தார்கள், காரணம் கேட்டார்கள். அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் துணி வியாபாரி. மஜ்லிஸ் முடிந்து எல்லோரும் போன பிறகு ஒரு பையைக் கையில் கொடுத்தார்கள். அதில் 100 திர்ஹம் இருந்தது. தீர்ந்ததும் சொல்லும்படி கூறினார்கள். ஆனால் தீர்ந்துவிட்டது என்று அபூயூசுஃப் வாய் திறந்து சொல்லும் நிலை வரவே இல்லை. அதற்கு முன்பே அடுத்த உதவி வந்துவிடும்.

அந்த மாணவர்தான் பிற்காலத்தில் கலீஃபா ஹாரூன் ரஷீத் காலத்தில் காழில் குழாத், அதாவது தலைமை நீதிபதி ஆனார்கள். நாட்டின் வரி முறைகளைப் பற்றி கிதாபுல் கராஜ் என்ற நூலை எழுதினார்கள். ஹிஜ்ரி 182இல் மரணப் படுக்கையில் இருந்தபோது, பார்க்க வந்த மாணவர் இப்ராஹீம் இப்னுல் ஜர்ராஹ் அவர்களிடம் ஹஜ்ஜில் கல்லெறிவது பற்றிய ஒரு மஸ்அலாவைக் கேட்டார்கள். நடந்து போய் எறிவது சிறந்ததா, வாகனத்தில் இருந்தபடி எறிவது சிறந்ததா என்று பேசி விளக்கினார்கள். மாணவர் விடைபெற்று வாசலைத் தாண்டுவதற்குள் உள்ளே அழுகைச் சத்தம் கேட்டது. உயிர் பிரிந்துவிட்டது.

சிறு வயதில் கல்வி அறுந்துபோக இருந்த ஒருவர், கடைசி மூச்சு வரை மாணவராக இருந்தார்கள். இடையில் அந்தக் கயிறு அறுந்துவிடாமல் பிடித்தது ஒரு பெரியவரின் கவனமும் அவர் கொடுத்த பணமும்.

முப்பது வயதில் தொடங்கியவர்

"எனக்கு வயதாகிவிட்டது, இனி எங்கே படிப்பது?" என்று கேட்பவர்களுக்கு ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் கஃப்பால் மர்வஸீ (ரஹ்) அவர்களின் வாழ்க்கை இருக்கிறது. பூட்டுத் தொழிலாளி அவர்கள். கஃப்பால் என்றாலே பூட்டுச் செய்பவர் என்றுதான் பொருள். மிகச் சிறிய பூட்டையும் நுட்பமாகச் செய்யும் கைகள். 30 வயதில்தான் ஃபிக்ஹு படிக்கத் தொடங்கினார்கள். ஹிஜ்ரி 417இல் வஃபாத்தானபோது குராஸானின் பேரறிஞர்களில் ஒருவராக இருந்தார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்தில் நிற்கிற சகோதரரே, இது உங்களுக்கும் உரிய வரலாறு.

நம் ஊர்ப் பக்கத்தில்

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை 1961இல் நிறுவப்பட்டது. 1965இல் அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அதன்பின் அஜேயா, அர்ஜுன், பீஷ்மா என்று வண்டிகள் மாறிக்கொண்டே வந்தன. விஜயந்தாவுக்குக் கற்ற வேலையை மட்டும் வைத்துக்கொண்டு அர்ஜுனுக்கு வேலை செய்ய முடியாது. தொழிலாளியும் மறுபடி கற்க வேண்டியிருந்தது. பட்டாபிராமில் 2024இல் 21 மாடி டைடல் பார்க் திறந்திருக்கிறது. அங்கே வேலைக்குப் போகிற பிள்ளைக்கும் இதே நிலைதான்.

நம் தெருப் பிள்ளைகள் விமானப்படை நிலையத்தைப் பார்த்து வளர்கிறவர்கள். அப்துல் கலாம் அவர்களும் விமானப்படையில் சேர ஆசைப்பட்டவர்தான். இடங்கள் 8, அவருக்குக் கிடைத்தது 9ஆவது இடம். அதற்கு முன், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேரப் பணம் இல்லாதபோது அவருடைய சகோதரி ஜொஹரா தம் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்து உதவினார். 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில், 83ஆம் வயதில், மாணவர்களிடம் உரையாற்றிக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்து இறந்தார். ஒரு தேர்வில் கிடைக்காமல் போன இடம் அவருடைய கல்வியை நிறுத்தவில்லை.

மாணவச் செல்வங்களே!

ஒரு பாடத்தில் தவறியிருந்தால் இந்த ஆண்டிலேயே துணைத் தேர்வு உண்டு. ஹால் டிக்கெட் வாங்கும் வேலையை நாளைக்கென்று தள்ளாதீர்கள். பொறியியல் கிடைக்கவில்லையா? ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடப் பயிற்சி முடித்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ முடித்தால் பி.இ.யில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். அம்பத்தூரிலேயே அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. குடும்பச் சூழ்நிலையால் வேலைக்குப் போயே ஆக வேண்டுமா? போங்கள், ஹலாலான உழைப்பும் இபாதத்துதான். ஆனால் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ இக்னோவிலோ பெயரைப் பதிந்துவிட்டுப் போங்கள்.

முதல் வகுப்பில் தேறியவர்களுக்கும் ஒரு வார்த்தை. மக்தப் மதரஸாவை ஏழாம் வகுப்போடு விட்டீர்கள். தொழுகையில் இன்றும் அன்று மனனம் செய்த அதே நான்கு சூராக்கள்தான். கல்லூரியில் சேரும் இந்தக் கோடையில் மார்க்கக் கல்வியையும் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

பெற்றோர்களே, ஜமாஅத்தார்களே!

பெண் பிள்ளையின் படிப்பை நிறுத்துவதற்கு மார்க்கத்தைக் காரணம் காட்டாதீர்கள். ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்ற ஸஹாபிப் பெண்மணிதான் அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தார்கள்.   அரசுப் பள்ளியில் படித்து மேலே படிக்கிற பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. விண்ணப்பிக்கத் தெரியாத வீட்டுக்குத் தெரிந்தவர் உதவுங்கள்.

ஃபீஸ் கட்ட முடியாமல் வட்டிக்கு வாங்கும் நிலைக்கு நம் மஹல்லாவில் ஒரு குடும்பம் தள்ளப்பட்டால், அதற்கு நாமும் பதில் சொல்ல வேண்டும். ஏழை மாணவருக்கு ஜகாத் கொடுக்க மார்க்கத்தில் இடம் இருக்கிறது. பைத்துல்மாலில் இருந்து அழகிய கடன் கொடுக்கலாம். கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம். எந்த வீட்டுப் பிள்ளை கல்லூரிக்கு விண்ணப்பம் போடவில்லை என்று இந்த வாரமே விசாரியுங்கள். அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் செய்ததும் அதுதான்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைக் கொடுப்பாயாக! தேர்வில் தவறியவர்களின் உள்ளத்துக்குத் தெம்பைக் கொடுப்பாயாக! வறுமையால் எங்கள் மஹல்லாவில் ஒரு பிள்ளையின் படிப்பும் நின்றுவிடாமல் பாதுகாப்பாயாக! எங்களையும் மரணம் வரை கற்பவர்களாக ஆக்குவாயாக! ஆமீன்.