வளைகாப்புக்கு முன்பே பேசிவிடுங்கள்

அன்புள்ள இளம் மருத்துவருக்கு,

மகப்பேறு மருத்துவத்தில் மேற்படிப்பை முடித்து நாவலூரில் பணி தொடங்கியிருக்கிறீர்கள். உங்களிடம் வரப்போகும் கர்ப்பிணிகளில் பலர் சிறுசேரி சிப்காட்டிலும் சோழிங்கநல்லூரிலும் வேலை பார்ப்பவர்கள். மூன்றாம் மாதத்திலேயே கைப்பேசியில் கண்டதையும் படித்துவிட்டு வந்து, “டாக்டர், எபிடியூரல் போட்டுக்கலாமா?” என்று கேட்பார்கள். செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்புகளிலிருந்தும் பெண்கள் வருவார்கள். அப்படி ஒன்று இருப்பதை யாரும் சொல்லியிராததால் அவர்கள் கேட்க மாட்டார்கள். இரு தரப்பிடமும் நீங்கள் பேச வேண்டியது ஒன்றேதான். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பிரசவ வலியைத் தணிக்கும் இந்த ஊசியை நீங்கள் விற்கவும் வேண்டாம், தடுக்கவும் வேண்டாம். வலி தொடங்குவதற்குப் பல வாரங்கள் முன்பே, சாதக பாதகங்களை எண்களோடு எடுத்துச் சொல்லி, முடிவை அந்தப் பெண்ணிடம் விடுங்கள். இதில் மருத்துவரின் திறமை ஊசியைப் பரிந்துரைப்பதில் இல்லை. எப்போது பேசுகிறார், எவ்வளவு நேர்மையாகப் பேசுகிறார் என்பதில்தான் இருக்கிறது.

முதலில், எப்போது என்பது. நம் ஊரில் இந்த முடிவு பெரும்பாலும் எடுக்கப்படும் நேரம் இருப்பதிலேயே மோசமான நேரம். கர்ப்பப்பை வாய் ஆறு சென்டிமீட்டர் திறந்து, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வலி வந்து போகும்போது ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து கேட்டால், அந்தப் பெண் எதற்கும் சரி என்பார். அல்லது பக்கத்தில் நிற்பவர்கள் அவருக்காக வேண்டாம் என்பார்கள். இரண்டுமே அவருடைய முடிவு அல்ல. அதோடு நம் வழக்கம் ஒன்றும் இருக்கிறது. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு நடக்கும். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்று பெண்ணை அழைத்துப் போவார்கள். ஏழு மாதம் உங்களிடம் பரிசோதனைக்கு வந்தவர், பிரசவத்துக்குத் தூத்துக்குடியிலோ தருமபுரியிலோ இருப்பார். அங்கே போகப்போகும் மருத்துவமனையில் இரவு இரண்டு மணிக்கு மயக்க மருந்து டாக்டர் இருப்பாரா, எபிடியூரல் வசதி உண்டா, பிரசவ அறையில் துணைக்கு ஒருவர் இருக்க விடுவார்களா என்று வீட்டில் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆகவே வளைகாப்புக்கு முன்பே பேசிவிடுங்கள். பேசியதைப் பரிசோதனைக் கோப்பில் இரண்டு வரி எழுதுங்கள். ஊருக்குப் போகிறவர் என்றால், அங்கே கேட்க வேண்டிய கேள்விகளையும் எழுதிக் கொடுங்கள்.

அடுத்து, என்ன சொல்வது. செய்முறையை விளக்க ஐந்து நிமிடம் போதும். இடுப்புக்கு நேரே முதுகெலும்பின் இரண்டு எலும்புகளுக்கு நடுவில் ஊசியைச் செலுத்தி, தண்டுவடத்தை மூடிய உறைக்கு வெளியே இருக்கும் இடைவெளியில் நிறுத்துவார்கள். அதன் வழியே மெல்லிய பிளாஸ்டிக் குழாயை உள்ளே விட்டு ஊசியை எடுத்துவிடுவார்கள். குழந்தை பிறக்கும்வரை அந்தக் குழாய் வழியாக மருந்து போகும்: 0.1 சதவீதமோ அதற்கும் குறைவான செறிவோ உள்ள புபிவகெய்ன் அல்லது ரோபிவகெய்ன், கூடவே மிகச் சிறிய அளவு ஃபென்டனில். சுமார் 20 நிமிடத்தில் வலி தணியும். வலி அறவே இருக்காது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பிரிட்டனின் மகப்பேறு மயக்கவியல் மருத்துவர் சங்கம் தாய்மார்களுக்குத் தரும் தகவல் அட்டையில் இருக்கும் எண்களை மனப்பாடமாக வைத்துக்கொள்வது நல்லது. எட்டுப் பேரில் ஒருவருக்கு வலி போதுமான அளவு குறைவதில்லை. 50 பேரில் ஒருவருக்கு ரத்த அழுத்தம் கணிசமாக இறங்குகிறது. 100 பேரில் ஒருவருக்குக் கடும் தலைவலி வருகிறது. காலில் மரத்துப்போதல் அல்லது பலவீனம் சிறிது காலம் இருப்பது 1,000 பேரில் ஒருவருக்கு. அது ஆறு மாதத்துக்கு மேலும் நீடிப்பது ஏறத்தாழ 13,000 பேரில் ஒருவருக்கு. இவை பிரிட்டனின் எண்கள். உங்கள் மருத்துவமனையின் எண்கள் என்ன என்பதை அறிய, மயக்கவியல் மருத்துவரோடு சேர்ந்து முதல் நாளிலிருந்தே ஒரு பதிவேடு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி எதிர்ப்புகள். முதலில் வருவது, “அந்த ஊசி போட்டா கடைசியில ஆபரேஷன்லதான் முடியும்” என்பது. 2018-ல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு 40 ஆய்வுகளையும் 11,000-க்கும் மேற்பட்ட பெண்களையும் சேர்த்துப் பார்த்தது. எபிடியூரலால் சிசேரியன் கூடவில்லை என்பதே அதன் முடிவு. சீக்கிரமே போட்டால் பிரசவம் நின்றுவிடும், நான்கு சென்டிமீட்டர் திறக்கட்டும் என்று காத்திருக்க வைக்கும் பழக்கத்தையும் 2005-ல் வெளியான, சிகாகோவில் முதல் பிரசவத்துக்கு வந்த 750 பெண்களிடம் நடத்திய ஆய்வு கேள்விக்குள்ளாக்கியது. முன்கூட்டியே முதுகுவழி வலிநிவாரணம் பெற்றவர்களிடம் சிசேரியன் அதிகரிக்கவில்லை. நம் மாநிலத்தின் கணக்கும் இதையே சுட்டுகிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8 சதவீதம், அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம். இந்திய சராசரி 21.5 சதவீதம்தான். எபிடியூரல் போட்டுக்கொள்ளும் பெண்கள் இன்னும் சிறுபான்மையாக இருக்கும் மாநிலத்தில் இந்த உயரத்துக்கு எபிடியூரல் காரணமாக இருக்க முடியாது. வலிக்குப் பயந்தே ஆபரேஷன் கேட்கும் பெண்கள் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். வேறொரு வழி உண்டு என்று முன்பே தெரிந்திருந்தால் அவர்களில் சிலராவது கத்தியைத் தவிர்த்திருக்கக்கூடும்.

இதே எதிர்ப்பில் உண்மையான ஒரு பகுதியும் இருக்கிறது, அதை மறைக்காதீர்கள். எபிடியூரலோடு பிரசவம் சற்று நீள்கிறது. முக்கித் தள்ளும் கட்டமும் நீள்கிறது. காய்ச்சல், சிறுநீர் அடைப்பு, காலில் கனம் ஆகியவை கூடுதலாகக் காணப்படுகின்றன. பழைய ஆய்வுகளில் வேக்கம், ஃபோர்செப்ஸ் பயன்பாடும் கூடியிருந்தது. ஆனால் அது பெரும்பாலும் மருந்தின் செறிவைப் பொறுத்தது. 2001-ல் லான்செட் இதழில் வந்த பிரிட்டிஷ் ஆய்வில், பழைய அடர்த்தியான மருந்து பெற்றவர்களில் 35 சதவீதம் பேரும், குறைந்த செறிவு மருந்து பெற்றவர்களில் 43 சதவீதம் பேரும் ஆயுத உதவியின்றிப் பிரசவித்தார்கள். காக்ரேன் ஆய்விலும் 2005-க்குப் பிந்தைய ஆய்வுகளை மட்டும் எடுத்தால் அந்த வித்தியாசம் மறைந்துவிடுகிறது. குழந்தையின் ஆப்கார் மதிப்பெண்ணிலோ தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கும் தேவையிலோ வேறுபாடு தெரியவில்லை. ஆகவே உங்கள் மயக்கவியல் மருத்துவரிடம் நீங்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எந்தச் செறிவில் மருந்து தருகிறீர்கள் என்பதே.

இரண்டாவது எதிர்ப்பு, காலமெல்லாம் முதுகுவலி வரும் என்பது. நம் வீடுகளில் இதுதான் மிக ஆழமான அச்சம். பிரசவத்துக்குப் பின் முதுகுவலி பரவலாக வருகிறது: எபிடியூரல் போட்டவர்களுக்கும் வருகிறது, போடாதவர்களுக்கும் வருகிறது. நீண்ட கால முதுகுவலியில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை என்று அதே காக்ரேன் ஆய்வு சொல்கிறது. ஊசி குத்திய இடத்தில் சில நாள் நோவு இருக்கலாம், அது வேறு. இதில் ஒரு முரணையும் கவனியுங்கள். சிசேரியன் என்று முடிவானதும் அதே முதுகில் ஸ்பைனல் ஊசி போட எந்தக் குடும்பமும் மறுப்பதில்லை. ஸ்பைனல் ஊசி மெல்லியது, உறையைத் துளைத்தே உள்ளே போவது. எபிடியூரல் ஊசி தடிமனானது, உறைக்கு வெளியே நிற்க வேண்டியது. தவறுதலாக அது உறையைத் துளைத்தால்தான் எழுந்து உட்கார முடியாத அளவுக்குத் தலைவலி வரும். அதற்குச் சிகிச்சை உண்டு. இல்லாத முதுகுவலிக்குப் பயப்படுகிறவரிடம், இருக்கும் தலைவலியைப் பற்றிச் சொல்ல மறந்துவிடாதீர்கள்.

மூன்றாவது எதிர்ப்பு மருத்துவத்தைச் சேர்ந்ததே அல்ல. பிரசவம் மறுபிறப்பு, வலியைத் தாங்கினால்தான் தாய் என்கிறது அது. இந்த எதிர்ப்பு நமக்கு மட்டும் உரியதும் அல்ல. எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை 1844-ல் தொடங்கியது. மூன்றே ஆண்டுகளில், 1847-ல், எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்சன் பிரசவ வலிக்கு ஈதரும் பிறகு குளோரோஃபார்மும் கொடுத்தபோது அங்கும் எதிர்ப்பு எழுந்தது. 1853-ல் ஜான் ஸ்நோ விக்டோரியா அரசிக்குக் குளோரோஃபார்ம் கொடுத்த பிறகு அது தணிந்தது. வலி, தாய்மையின் தகுதித் தேர்வு என்றால், தமிழகத்தில் சிசேரியனில் பிள்ளை பெற்ற ஏறத்தாழ பாதித் தாய்மாரை என்னவென்று சொல்வது? ஆனால் இந்த வாதத்தை எதிர்த்திசையிலும் நீட்டிவிடக் கூடாது. ஊசி இல்லாமல், நடந்து, உட்கார்ந்து, தன் உடம்பின் போக்கில் பெற்றெடுக்க விரும்பும் பெண் பிற்போக்கானவர் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் எபிடியூரலும் உண்டு, மூச்சுப் பயிற்சியும் தசைத் தளர்வும் மசாஜும் உண்டு. எது என்பதைப் பெண்ணின் விருப்பத்துக்கே அது விடுகிறது. கேட்பவருக்குக் கிடைக்க வேண்டும், வேண்டாம் என்பவரை வற்புறுத்தக் கூடாது.

எல்லோருக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது என்பதையும் நினைவில் வையுங்கள். சோதனைக் குழாய்க் குழந்தைச் சிகிச்சையில் கருத்தரித்து, குறைந்த மூலக்கூறு எடை கொண்ட ஹெப்பாரின் ஊசி போட்டுக்கொள்பவர் என்றால், கடைசி ஊசிக்கும் எபிடியூரலுக்கும் இடையே தடுப்பு அளவுக்கு 12 மணி நேரமும், சிகிச்சை அளவுக்கு 24 மணி நேரமும் இடைவெளி வேண்டும். இதை வலி வந்த பிறகு கண்டுபிடித்துப் பயனில்லை. மழைக்கால டெங்குவிலோ கடும் ரத்தக் கொதிப்பிலோ தட்டணுக்கள் மிகவும் இறங்கியிருந்தாலும், ஊசி போடும் இடத்தில் கிருமித்தொற்று இருந்தாலும் எபிடியூரல் கூடாது. மறுபுறம், இதய வால்வு நோய் உள்ளவர், ரத்தக் கொதிப்பு உள்ளவர், உடல் பருமன் மிகுந்தவர் ஆகியோருக்கு இதை நீங்களே முன்வந்து எடுத்துச் சொல்ல வேண்டும். வலி தணிந்தால் இதயத்தின் சுமை குறையும். திடீரென ஆபரேஷன் தேவைப்பட்டால் அதே குழாய் வழியே மருந்தைக் கூட்டி, முழு மயக்கத்தைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். ஸ்காட்லாந்தில் 5,67,000-க்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து 2024-ல் வெளியான கட்டுரை, எபிடியூரல் பெற்றவர்களிடம் தாயின் கடும் உடல்நலச் சிக்கல்கள் 35 சதவீதம் குறைவாக இருந்ததாகச் சொன்னது. அது பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு என்பதால் காரண காரியத்தை அது மட்டும் நிரூபித்துவிடாது. ஆபத்து அதிகம் உள்ள தாய்மாரிடம் இந்தப் பேச்சைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு அது போதும்.

கடைசி எதிர்ப்புதான் எனக்கு மிக வலுவானதாகப் படுகிறது. எல்லா இடத்திலும் கிடைக்காத ஒன்றைப் பற்றிப் பேசி ஆசை காட்டுவானேன் என்பது அது. எபிடியூரல் போட்டுவிட்டுப் போய்விடும் காரியம் அல்ல. முதல் கால் மணி நேரம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், குழந்தையின் இதயத் துடிப்பைக் கண்காணிக்க வேண்டும், அரைமணியில் வலி குறையவில்லை என்றால் மயக்கவியல் மருத்துவர் திரும்ப வர வேண்டும். மூன்று செவிலியர்களை வைத்து 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இது முடியாது. அழைத்தால் தாம்பரத்திலிருந்து வரும் ஒரு மயக்கவியல் மருத்துவரை நம்பி நடக்கும் சிறு மருத்துவமனையிலும் இது பத்திரமல்ல. உங்கள் மருத்துவமனை அப்படிப்பட்டது என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள்; “வலியில்லாப் பிரசவம்” என்று பலகை வைக்காதீர்கள், பேக்கேஜில் சேர்க்காதீர்கள். ஆனால் இல்லை என்பதோடு பேச்சு முடியக் கூடாது. பிரசவம் முழுக்க ஒரு துணை உடனிருந்தால் சிசேரியனும் மருந்துத் தேவையும் குறைகின்றன என்று 15,000-க்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்ட ஆய்வுகளின் தொகுப்பு காட்டியிருக்கிறது. மத்திய அரசின் லக்‌ஷயா திட்டமும் 2017 முதல் துணையை வலியுறுத்துகிறது. இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், கதவைத் திறந்துவிட்டால் போதும். டிரோட்டின், எபிடோசின் ஊசிகளை வலிக்கு மருந்து என்று சொல்லிப் போடுவதையும் நிறுத்துங்கள். அவை தசை இறுக்கத்தைத் தளர்த்தும் மருந்துகள்; வலிநிவாரணிகள் அல்ல. பிரசவம் தாமதமாகாமல் தடுக்க அத்தகைய மருந்துகளைத் தருவதையும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை. செம்மஞ்சேரிப் பெண்ணிடம் பேசாமலிருப்பது அவருக்கு ஏமாற்றத்தை மிச்சப்படுத்துவதில்லை; கேட்கும் உரிமையைத்தான் பறிக்கிறது. கேட்பவர்கள் கூடினால்தான் அரசு மருத்துவமனைகளில் கூடுதல் மயக்கவியல் பணியிடம் கேட்பதற்கும் பலம் வரும்.

முடிவு யாருடையது என்பதில் சட்டம் தெளிவாக இருக்கிறது. சுயமாக முடிவெடுக்கும் திறனும் வயதும் உள்ள பெண்ணின் சிகிச்சைக்கு அவருடைய தாயார் தந்த சம்மதம் செல்லாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கணவர், மாமியார், அம்மா எல்லோரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். அவர்களுடைய கேள்விகளுக்கும் மரியாதையோடு பதில் சொல்லுங்கள். பிறகு சில நிமிடமாவது அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேசுங்கள். வேண்டாம் என்று எழுதியவர் பிரசவ அறையில் வேண்டும் என்றாலும், வேண்டும் என்றவர் வேண்டாம் என்றாலும், அது மனமாற்றம், குற்றமல்ல. கோப்பில் எழுதியிருப்பதைக் காட்டி வாதாடாதீர்கள். முன்பே விவரம் அறிந்தவர் மனம் மாறினாலும் தெரிந்தே மாறுகிறார்.

இதற்கெல்லாம் புறநோயாளிப் பிரிவில் நேரம் ஏது என்று கேட்பீர்கள். ஒருவருக்குப் பத்து நிமிடம் ஆகும். அதை ஒத்திவைத்தால், அதே பேச்சை நடுராத்திரியில், வலியில் துடிப்பவரிடம் நடத்த வேண்டியிருக்கும். இந்த வாரம் ஆறாம் மாதப் பரிசோதனைக்கு வருபவர்களிடமிருந்தே தொடங்குங்கள். அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

வாழ்த்துகளுடன்,
உங்கள் துறையில் மூத்த ஒருவர்