சுகாதார மூடற்காலத்தில் சிறுநகர நூலகங்கள்: சட்டமும் நடைமுறையும்

நூலகத்தின் கதவில் "மூடப்பட்டுள்ளது" என்ற அறிவித்தலைக் காண்பவர், அங்கு கிடைத்துவந்த யாவும் நின்றுவிட்டன எனக் கருதுவது இயல்பே. ஆயினும் கொவிட்-19 காலத்தில் இங்கிலாந்தின் சட்டம் அவ்வாறு கூறவில்லை. 2020 மார்ச் 26 அன்று நடைமுறைக்கு வந்த கொரோனா வைரஸ் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளின் 5ஆம் விதி, நூலக சேவை வழங்குவோரைக் கடைக்காரர்களோடு ஒரே வாக்கியத்தில் சேர்த்துக் குறிப்பிட்டது. அதன்படி வளாகத்தினுள் பொதுமக்களை அனுமதிக்கலாகாது. ஆனால் இணையத்தளம், தொலைபேசி, குறுஞ்செய்தி, அஞ்சல் ஆகிய வழிகளில் வந்துசேரும் கோரிக்கைகளுக்கு அமையச் சேவையைத் தொடர்ந்து வழங்கலாம். மூடப்பட்டது கட்டடமே. கோரிக்கை விடுத்தவருக்கு நூலகம் இயங்கிக்கொண்டிருந்தது; கோரிக்கை விடுக்கலாம் என்பதை அறியாதவருக்கு அது உண்மையாகவே மூடப்பட்டிருந்தது. இந்த வேறுபாட்டினால் அதிகம் பாதிக்கப்படக்கூடியவர்கள், ஆங்கில அறிவித்தல்களை வாசிக்க இயலாத, வீட்டில் கணினி இல்லாத முதியோரே ஆவர்.

எவருக்கு உரிமை உண்டு?

நூலக சேவை என்பது கவுன்சில் விரும்பினால் வழங்கும் சலுகையன்று. பொது நூலகங்கள் மற்றும் அருங்காட்சியகங்கள் சட்டம், 1964, தனது 7ஆம் பிரிவில், நூலகத்தைப் பயன்படுத்த விரும்பும் அனைவருக்கும் முழுமையானதும் வினைத்திறன் மிக்கதுமான சேவையை வழங்கும் கடமையை நூலக அதிகாரசபைகள் மீது சுமத்துகிறது. அப்பிரதேசத்தில் வசிப்போர், வேலை செய்வோர், முழுநேரக் கல்வி பயில்வோர் ஆகியோருக்கு நூல்களை இரவல் வழங்குவது இக்கடமையில் அடங்கும். குடியுரிமை பற்றிய நிபந்தனை எதுவும் அப்பிரிவில் இல்லை. நூலை இரவல் கொடுப்பதற்குக் கட்டணம் அறவிடலாகாது என்பது 8ஆம் பிரிவின் பொதுவிதி. தாமதக் கட்டணமும், முன்பதிவு அறிவித்தலுக்கான சிறு கட்டணமும் அதற்கு விலக்காக அனுமதிக்கப்பட்டுள்ளன. பெருந்தொற்றுக் கால ஒழுங்குவிதிகள் சேவையின் வடிவத்தை மாற்றினவேயன்றி, 1964ஆம் ஆண்டுச் சட்டத்தின் கடமையை நீக்கவில்லை.

சிறுநகரத்தில் வாழ்வோர் ஒன்றைக் கவனித்தல் நன்று. அங்குள்ள நூலகத்தைப் பெரும்பாலும் நகரசபை நடத்துவதில்லை. நூலக அதிகாரசபை என்பது பொதுவாகக் கவுண்டி கவுன்சில் அல்லது ஒருங்கிணைந்த கவுன்சில் ஆகும். முறைப்பாடோ கோரிக்கையோ அங்கேதான் செல்ல வேண்டும். நகரசபைக்குத் தொலைபேசி எடுத்து, "அது எங்கள் பொறுப்பன்று" என்ற பதிலோடு சோர்ந்துவிடுவதால் பயனில்லை.

மூடிய கதவின் பின்னால் நடந்தவை

பல இடங்களில் நூலக ஊழியர்களிற் சிலர் வேறு பணிகளுக்கு மாற்றப்பட்டனர். உணவுப் பொதி தேவைப்படுவோரின் விபரங்களைத் திரட்டுவது அவற்றுள் ஒன்று. எஞ்சியவர்கள் உறுப்பினர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, முதிய வாசகர்களைத் தொலைபேசியில் அழைத்து நலம் விசாரித்தனர். இப்பணியிற் சிறுநகர நூலகத்துக்கு ஓர் அனுகூலம் உண்டு. ஊழியர் சிலரே ஆயினும், செவ்வாய்க்கிழமை தோறும் வந்து செய்தித்தாள் வாசிப்பவர் யார், வராதுவிட்டால் தனித்திருப்பவர் யார் என்பதை அவர்கள் முகம் பார்த்தே அறிந்திருப்பர். ஆயினும் பதிவேட்டில் உள்ள தொலைபேசி இலக்கம் பழையதாயின் அந்த அறிவு உதவாது.

இரவல் தவணைகள் பரவலாக நீடிக்கப்பட்டன, தாமதக் கட்டணங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. மேசையில் இருக்கும் நூலைப் பார்த்துப் பார்த்துத் தண்டப்பணத்துக்கு அஞ்சிய பெரியோர் பலருக்கு இச்செய்தி ஒருவரும் தமிழில் சொல்லாமையாலேயே எட்டியிராது.

பொரோபொக்ஸ், லிபி முதலிய செயலிகள் வழியாக மின்னூல்களும் ஒலிநூல்களும் வழங்கப்பட்டன. கவுன்சில் நூலகங்களின் மின்தொகுப்புகளில் ஆங்கில நூல்களே மிகுதி. தமிழ் நூல்களை எதிர்பார்த்துத் தேடுவோர் ஏமாற்றமடையக்கூடும். அந்த இடைவெளியை நிரப்புபவை நூலகங்களுக்கு வெளியே உள்ள இலவசத் தொகுப்புகள். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பழந்தமிழ் இலக்கியங்களும், 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகளும் கிடைக்கின்றன. இவற்றுக்கு உறுப்பினர் அட்டை தேவையில்லை.

2020 ஜூலை 4 முதல் நூலகங்கள் மீளத் திறக்க அனுமதிக்கப்பட்டன. நவம்பரில் இரண்டாவது பொதுமுடக்கமும், 2021 ஜனவரியில் மூன்றாவதும் வந்தபோது, நூல்களை முன்கூட்டியே கேட்டு வாசலிற் பெற்றுக்கொள்ளும் முறை தொடர்ந்தது. "கிளிக் அன்ட் கலெக்ட்" என்ற அதன் பெயர் இணையத்தை நினைவூட்டினாலும், பல நூலகங்களில் தொலைபேசியில் கேட்டாலும் போதுமானதாக இருந்தது. வாசகர் தமது விருப்பத்தைக் கூற, ஊழியர் நூல்களைத் தெரிந்து பையிலிட்டு, குறித்த நேரத்தில் வாசல் மேசையில் வைப்பர்.

தமிழ் நூல்களைப் பொறுத்தவரை இம்முறையில் ஒரு சிக்கல் உண்டு. தமிழ் எழுத்தை வாசிக்கத் தெரியாத ஊழியர் அலுமாரியிலிருந்து தற்செயலாகவே எடுப்பார். ஏற்கெனவே வாசித்த நூலே மீண்டும் வந்துசேரலாம். நூலகப் பட்டியல்களில் தமிழ்த் தலைப்புகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளில் ஒலிபெயர்த்துப் பதியப்பட்டிருக்கும். எழுத்துக்கூட்டல் பதிவுக்குப் பதிவு வேறுபடும். எனவே ஆசிரியர் பெயரை ஆங்கிலத்தில் எழுத்தெழுத்தாகக் கூறுவதும், நூலின் பின்னட்டையில் உள்ள 13 இலக்கச் சர்வதேசத் தர நூல் எண்ணைக் கொடுப்பதும் மிக நம்பகமான வழிகள். வாசித்து முடித்த தமிழ் நூல்களின் எண்களை ஒரு கொப்பியிற் குறித்து வைத்திருப்பவருக்கு இது எளிது.

கணினி, படிவம், கொடுப்பனவு

பொதுமுடக்கத்தில் வேலையிழந்தவர் யுனிவேர்சல் கிரெடிட் கொடுப்பனவுக்கு வழமையாக இணையவழியிலேயே விண்ணப்பிக்க வேண்டும். வீட்டில் இணையம் இல்லாதோருக்குச் சிறுநகரத்தில் நூலகக் கணினியே ஒரே வழியாக இருந்திருக்கலாம். முதலாவது மூடலில் அவ்வழி அடைபட்டது. மூடலினால் விளைந்த இழப்புகளில் இதுவே மிகப் பாரதூரமானது எனலாம், ஏனெனில் நாவல் இரண்டு மாதம் காத்திருக்கும், வாடகை காத்திருக்காது. 2020 நவம்பர் முதலான கட்டுப்பாடுகளில், வீட்டில் வசதியற்றோர் நூலகக் கணினியைப் பயன்படுத்த இடமளிக்கப்பட்டது. இணையத்தில் விண்ணப்பிக்க இயலாதோருக்கு யுனிவேர்சல் கிரெடிட் தொலைபேசிச் சேவையும் உண்டு. நூலகத்தைப் பொதுவாசிப்புக்காக மீளத் திறக்க 2021 ஏப்ரல் 12 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நூல்கள் நோயைக் கொண்டுவருமா?

இவ்வச்சம் புதியதன்று. தொற்றுநோய்க்கு ஆளானவர் கையாண்ட நூலக நூல்களைப் பற்றி 1907ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரத் திருத்தச் சட்டமும் 1936ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டமும் தனி விதிகளையே கொண்டிருந்தன. 2020இல் இங்கிலாந்து நூலகங்கள் திருப்பியளிக்கப்பட்ட நூல்களை 72 மணித்தியாலம் ஒதுக்கி வைத்தன. அமெரிக்காவில் நூலகப் பொருள்களைக் கொண்டு நடத்தி அவ்வாண்டு ஜூனில் வெளியிடப்பட்ட ஆய்வகச் சோதனையில், 3 நாள்களின் பின் வைரஸ் கண்டறியப்படவில்லை. ஆயினும் பின்னைய சோதனையொன்றில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நூல்களில் 6 நாள்களின் பின்னரும் அது கண்டறியப்பட்டது.

வீட்டிற் கிருமிநீக்கம் செய்ய முற்படலாகாது. மிச்சிகன் மாநில நூலகமொன்றுக்கு, மைக்ரோவேவ் அடுப்பில் வைத்துக் கருகிய நூல் திரும்பி வந்தது; நூலின் அடையாளச் சில்லில் உள்ள உலோகமே தீப்பற்றக் காரணம். ஈரத்துணியால் துடைப்பதும் தாளைப் பழுதாக்கும். ஒதுக்கி வைத்துவிட்டுக் கைகழுவுதலே போதும்.

முன்கூட்டியே செய்யத்தக்கவை

மூடல் அறிவிக்கப்பட்ட பின்னர் இரகசிய இலக்கத்தைத் தேடுவது கடினம். மின்னூல் சேவைகளுக்கு உறுப்பினர் அட்டை இலக்கமும் அந்த இரகசிய இலக்கமும் பொதுவாக அவசியம். நூலகம் திறந்திருக்கும் நாளொன்றிலேயே அதனை மீளப் பெற்று, பதிவேட்டில் உள்ள தொலைபேசி இலக்கத்தையும் திருத்திக்கொள்ளலாம். முதிய பெற்றோரின் இலக்கத்தோடு, அவசரத்தில் அழைக்கத்தக்க பிள்ளை ஒருவரின் இலக்கத்தையும் பதியுமாறு கேட்கலாம். பல கவுன்சில்களில் தொலைபேசி உரைபெயர்ப்பு வசதி உண்டு. ஆங்கிலத்தில் "தமிழ்" என்ற ஒரு சொல்லை முதலிற் கூறினால், உரைபெயர்ப்பாளர் இணைக்கப்படும் வரை காத்திருக்கலாம்.

நோயினாலோ முதுமையினாலோ வெளியே செல்ல இயலாதோருக்கு, நூல்களை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் சேவை பல நூலக அதிகாரசபைகளில் மூடற்காலம் அல்லாத நாள்களிலும் நடைபெறுகிறது. பொதுவாகத் தன்னார்வலர்களே இதனை நடத்துகின்றனர். அவர்களுட் பலர் 70 வயதைக் கடந்தவர்களாதலால், 2020இல் இச்சேவை சில இடங்களில் இடைநின்றது, வேறு சில இடங்களில் நூற்பையை வாசலில் வைத்துவிட்டுச் செல்லும் முறைக்கு மாறியது. இதற்கு விண்ணப்பிக்க வாசகர் நேரில் வரவேண்டியதில்லை. மகன், மகள், பேரப்பிள்ளை அல்லது அயலவர் ஒருவர் அவர் சார்பில் நூலகத்தைத் தொலைபேசியில் அழைத்துப் பெயரைப் பதிவு செய்யலாம்.