ஏற்றுமுன் இறக்கும் வழி

ஹாம் ரேடியோ உரிமம் கைக்கு வந்ததும் புதியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "சார், கம்பம் எவ்வளவு உயரம் போடலாம்?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது, "புயல் வருதுன்னு சொன்னா அதை எப்படி இறக்குவீங்க?" பதில் இருந்தால் மேற்கொண்டு பேசுவோம். இல்லையென்றால் காபியைக் குடித்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய் முதலில் அதைத்தான் யோசிப்போம்.

சென்னை கிண்டியில் குடியிருப்பவருக்கு இது விளையாட்டுக் கேள்வி இல்லை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். கட்டடங்களின் காற்றுச் சுமைக்கான இந்தியத் தரக்குறியீடு ஐ.எஸ். 875, சென்னைக்கு வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் சுமார் 150 கிலோ அழுத்தும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையேறியபோது சென்னையில் காற்று மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டியது. 110 என்று வைத்துக்கொண்டால் அதே பரப்பில் 57 கிலோ. கிண்டி தேசியப் பூங்காவிலும் ஐ.ஐ.டி. வளாகத்திலும் அன்று வேரோடு சாய்ந்த மரங்களைப் பார்த்தவர்கள் இந்தக் கணக்கை மறக்க மாட்டார்கள். நாலு எலிமெண்ட் யாகி ஆன்டெனா ஒன்றைப் பத்து மீட்டர் உயரத்தில் நிறுத்திவிட்டு, கீழே ரூமில் உட்கார்ந்து அது தாங்குமா தாங்காதா என்று கவலைப்படுவதைவிட, அரை மணி நேரத்தில் அதைத் தரையோடு படுக்க வைத்துக் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குவது மேல்.

அதனால் என் வீட்டு மாடியில் இருப்பது டவர் அல்ல, மடக்குக் கம்பம். கீழே இரண்டு அங்குல ஜி.ஐ. பைப் ஒரு முழு நீளம், அதாவது ஆறு மீட்டர். அதனுள் செருகிய ஒன்றரை அங்குல பைப் நான்கு மீட்டர். 60 சென்டிமீட்டர் உள்ளே போவதால் மொத்தம் ஒன்பது மீட்டருக்குச் சற்று அதிகம். பைப் வாங்கும்போது வர்ணப் பட்டையைப் பாருங்கள். மஞ்சள் பட்டை ஏ கிளாஸ், தண்ணீர்க் குழாய்க்குப் போதும், கம்பத்துக்கு ஆகாது. நீலப் பட்டை பி கிளாஸ்தான் வேண்டும். சிவப்புப் பட்டை சி கிளாஸ் இன்னும் கெட்டி, ஆனால் எடை கூடிவிடும். படுக்க வைக்க ஆள் பலம் போதாது. பி கிளாஸிலேயே ஆன்டெனாவோடு சேர்த்து ஐம்பது கிலோவை நெருங்குகிறது.

அடிப்பகுதிக்குக் கீல் வைத்த பேஸ் பிளேட் வேண்டும். இந்த விஷயத்தில் கிண்டிக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். 1958-இல் தொடங்கிய தொழிற்பேட்டை பக்கத்திலேயே இருக்கிறது. காகிதத்தில் படம் வரைந்து கொடுத்தால் இரண்டு காதுகளும் குறுக்கே ஒரு பின்னும் வைத்துப் பற்றவைத்துத் தருகிற பட்டறைகள் இன்னும் உண்டு. ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்லுங்கள்: வெல்டிங் முடிந்த பிறகுதான் ஹாட் டிப் கால்வனைசிங். கால்வனைஸ் செய்த இரும்பை வாங்கி அதன் மேல் பற்றவைத்தால், பற்றவைத்த இடத்தில் துத்தநாகம் எரிந்து போயிருக்கும். கடற்காற்று முதலில் கைவைப்பது அங்கேதான். எலியட்ஸ் கடற்கரை இங்கிருந்து சில கிலோமீட்டர்தானே என்பதை நம் மூக்கு மறந்தாலும் இரும்பு மறப்பதில்லை.

ஸ்டே வயர் எத்தனை? நின்றபடியே இருக்கும் கம்பத்துக்கு மூன்று திசை போதும். மடக்குகிற கம்பத்துக்கு நான்கு வேண்டும். காரணம் இருக்கிறது. கீலின் பின் எந்தக் கோட்டில் இருக்கிறதோ, அதே கோட்டில், அதே மட்டத்தில் இரு பக்கத்து ஆங்கர்களும் இருந்தால், கம்பம் சாயும்போதும் அந்த இரண்டு வயர்களும் தொய்யாமல் முறுக்கோடு இருக்கும். கம்பம் பக்கவாட்டில் ஆடாது. பின்பக்கத்து வயரை விட்டுக்கொண்டே வந்தால் நேராகப் படுக்கும். ஆங்கர் ஒன்று ஒரு அடி மேலே, இன்னொன்று கீழே என்று அமைந்துவிட்டால் பாதி வழியில் ஒரு வயர் விறைத்து இழுக்கும், மற்றது தொங்கும். கம்பம் கிட்டத்தட்டப் படுத்த நிலையில் இருக்கும்போது கயிறு அதை நேராக இழுக்க முடியாது. பலம் எல்லாம் கீலிலேயே போய் முட்டும். அதற்காகத்தான் அடியில் செங்குத்தாக மூன்று மீட்டர் துணைக் கம்பம் ஒன்று வைத்து, அதன் நுனி வழியாகக் கயிற்றை வின்ச்சுக்குக் கொண்டுபோகிறோம். ஜின் போல் என்பார்கள். பல் பூட்டு உள்ள ஹேண்ட் வின்ச் இருந்தால் ஏற்றும்போது கை வழுக்கினாலும் கம்பம் கீழே வராது.

ஆங்கரைக் கைப்பிடிச் சுவரில் அடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். அது வெறும் செங்கல் சுவர். கீழ்நோக்கிய பாரத்தைத் தாங்கும், பக்கவாட்டு இழுப்பைத் தாங்காது. புயலில் கம்பத்தோடு சுவரும் தெருவுக்கு வரும். தூணோ பீமோ எங்கே போகிறது என்று கட்டட வரைபடத்தில் பார்த்து அதன் தலையில் ஆங்கர் வையுங்கள். தளத்தைத் துளைப்பதிலும் கவனம் வேண்டும். பழைய வீடுகளில் கசிவைத் தடுக்கச் சுருக்கி (சுண்ணாம்புக் கலவை) போட்டு மேலே தட்டோடு பதித்திருப்பார்கள். அதைக் குத்திவிட்டால் அடுத்த ஐப்பசியில் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரியும். அப்புறம் அசோசியேஷன் கூட்டத்தில் நீங்கள் என்ன விளக்கம் சொன்னாலும் எடுபடாது. பீமுக்கு மேலே கான்கிரீட் மேடை எழுப்பி அதன்மேல் பேஸ் பிளேட்டை உட்கார வைப்பதே நல்லது.

அண்டை வீட்டார் கேட்பது வேறு. "இதுலேருந்து ரேடியேஷன் வருமா சார்?" எரிச்சல்படாமல் பதில் சொல்லுங்கள். என் ரிக், அதாவது ரேடியோ, நூறு வாட், அதுவும் நான் பேசும்போது மட்டும் என்று சொல்லி, ஒருநாள் மாடிக்கும் ரூமுக்கும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினால் பாதி பயம் போய்விடும். ஆனால் அவர்கள் கேட்காத ஓர் ஆபத்து உண்டு. 7 மெகாஹெர்ட்ஸ் டைபோல் கம்பியின் இரண்டு நுனிகளிலும், பேசும்போது, மின்னழுத்தம் மிக அதிகம்; தொட்டால் சுடும். அந்த நுனிகளை மாடியின் மூலைகளுக்கு இறக்கிக் கட்டுகிறோம். பக்கத்திலேயே துணி காயப்போடும் கொடி! நுனியை ஆள் உயரத்துக்கு மேல், எட்டாத இடத்தில் முடியுங்கள். நீளக் கணக்கு எளிது: 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த மீட்டர். 7.1-க்கு 20 மீட்டர், ஒரு கைக்குப் பத்து. தலைகீழ் வி வடிவில் தொங்கவிட்டால் கொஞ்சம் குறைத்து வெட்ட வேண்டியிருக்கும். எனவே முதலில் நீளமாக விட்டு, எஸ்.டபிள்யூ.ஆர். (நிலையலை விகிதம்) பார்த்துப் பார்த்து நறுக்குங்கள்.

உயரத்துக்குச் செலவழிக்கும் பணத்தைக் கேபிளுக்குச் செலவழியுங்கள் என்பது என் பிடிவாதமான கருத்து. மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் முப்பது மீட்டர் போட்டு 145 மெகாஹெர்ட்ஸில் பேசினால், ரிக்கிலிருந்து புறப்படும் சக்தியில் கால் பங்குதான் ஆன்டெனாவுக்குப் போய்ச் சேரும். மீதி கேபிளைச் சூடாக்கிவிட்டுப் போகிறது. ஆர்ஜி-213 போட்டால் பாதிக்கு மேல் சேரும். ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் வாங்கும்போது மேலே அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பாமல் ஓர் அங்குலம் சீவி உள்ளே பின்னலைப் பாருங்கள். பின்னல் இடைவெளியாக இருந்து உள்ளே வெள்ளை பிளாஸ்டிக் தெரிந்தால் வேண்டாம். மேலே கனெக்டரை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் இழுத்துச் சுற்றி, அதற்கு மேல் சாதாரண டேப் சுற்றுங்கள். கேபிள் இறங்கும் வழியில் ஒரு வளைவு தொங்கவிட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும், ரூமுக்குள் வராது.

கிண்டிக்கென்றே ஒரு விஷயம், விமானம். மீனம்பாக்கத்தின் பிரதான ஓடுபாதைக்குக் கிழக்கிலிருந்து இறங்கும் விமானங்கள் நம் தலைக்கு மேலேதான் தாழ்ந்து போகின்றன. விமான நிலைய ஆணையம் எந்தப் பகுதியில் எவ்வளவு உயரம் போகலாம் என்று வண்ணம் பிரித்து வரைபடம் வைத்திருக்கிறது. அதில் சொல்லும் உயரம் உங்கள் மாடியிலிருந்து அல்ல, கடல்மட்டத்திலிருந்து. வீடு நிற்கும் நிலத்தின் உயரத்தையும் வீட்டு உயரத்தையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். வயர்லெஸ் துறையின் தள அனுமதி விதிகளையும் பைப் வாங்குவதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

உயரம் இல்லாமல் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு இரண்டு உதாரணம் சொல்வேன். 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கார்ட்டோசாட்-1-உடன் போன ஹாம்சாட் செயற்கைக்கோள் 2014 வரை வேலை செய்தது. அது மேலே கடக்கும் சில நிமிடங்களில், மாடியில் நின்று கையில் பிடித்த சின்ன யாகியைத் திருப்பித் திருப்பியே பலர் வெளிநாட்டு நண்பர்களோடு பேசினார்கள். கம்பமே இல்லை. இப்போது கத்தாரின் எஸ்ஹெயில்-2 செயற்கைக்கோளில் ஹாம்களுக்கான டிரான்ஸ்பாண்டர் இருக்கிறது. சென்னையிலிருந்து அது மேற்கே, சற்றே தெற்கு சாய்ந்து, தொடுவானத்திலிருந்து 27 பாகை உயரத்தில் நிற்கிறது. பழைய டி.டி.எச். தட்டை அதன் பக்கம் திருப்பி, ஏற்ற ரிசீவரை இணைத்தாலே கேட்கலாம். மேற்குப் பக்கம் உயரமான கட்டடம் மறைக்காமல் இருந்தால் போதும்.

பராமரிப்பில் என்னை மிகவும் சோதிப்பவை காக்கைகள். சென்னைக் காக்கைக்குச் சுள்ளியைவிடக் கம்பித் துண்டு பிடிக்கும். ஜி.ஐ. கம்பியும் ஹேங்கரும் கொண்டுவந்து டைபோலின் நடு இன்சுலேட்டர்மேல் கூடு கட்டும். ஒருநாள் காலை எஸ்.டபிள்யூ.ஆர். திடீரென்று ஏறியிருந்தால் நான் முதலில் பார்ப்பது மேலே கூடு இருக்கிறதா என்றுதான். முட்டையோ குஞ்சோ இருந்தால் பொறுத்திருங்கள். அதுவரை வேறு பேண்டில் பேசலாம். அணில் கேபிளின் மேல்தோலைக் கடிக்கும், தண்ணீர் உள்ளே இறங்கும். தடை செய்த பிறகும் மாஞ்சா நூல் எங்கிருந்தோ வந்து யாகியில் சிக்கும். அதை வெறுங்கையால் இழுக்க வேண்டாம்.

நான் வருடத்துக்கு ஒருமுறை கம்பத்தை முழுதாகப் படுக்க வைத்துவிடுகிறேன். அலுமினியமும் இரும்பும் தொடும் இடமெல்லாம் பூத்திருக்கும். எஸ்.எஸ். போல்ட், நடுவே கிரீஸ். வயர் கிளிப்பைப் பாருங்கள்: சேணம் போன்ற பாகம் பாரம் இழுக்கும் வயர் மீது உட்கார வேண்டும், யூ போல்ட் வெட்டுமுனைப் பக்கம். மாற்றிப் போட்டால் யூ போல்ட் பாரம் தாங்கும் வயரையே நசுக்கி அறுக்கும். டர்ன்பக்கிளின் நடுவே ஒரு கம்பி கோத்து முறுக்கிவிடுங்கள், காற்றின் அதிர்வில் அது தானாகத் திரும்பாது.

இடி இன்னொரு கதை. கம்பத்துக்குத் தனி எர்த்திங், கேபிளின் மேலுறைக்கும் ரூமுக்குள் நுழையுமுன் எர்த்திங், இரண்டும் வீட்டு எர்த்தோடு தடித்த கம்பியால் இணைந்திருக்க வேண்டும். தனித்தனியாக விட்டால் இடி விழும்போது இரண்டு எர்த்துக்கும் நடுவே உள்ள மின்னழுத்த வித்தியாசம் உங்கள் ரிக் வழியாகத்தான் பாயும். இதெல்லாம் இருந்தாலும், சாயங்காலம் மேற்கே கருத்தால் நான் கேபிளைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே வைத்துவிடுவேன். முழக்கம் கேட்க ஆரம்பித்துவிட்டால் கேபிளைத் தொடவும் மாட்டேன்.

இவ்வளவும் எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள். 2004 டிசம்பரில் போர்ட் பிளேரில் இருந்த ஹாம் பாரதி பிரசாத்தின் குழு சுனாமிக்குப் பிறகு அந்தமானுக்கும் வெளியுலகுக்கும் இடையே செய்தி கடத்தியது. அவர்கள் அங்கே போனது பொழுதுபோக்காக மற்ற ஹாம்களோடு பேசத்தான். 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறி சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் மூழ்கியபோது செல்போனும் கரண்டும் இல்லை. அந்த மாதிரி நாளில் படுக்க வைத்த ஆன்டெனாவை மறுநாள் காலை நிமிர்த்தி, கார் பேட்டரியில் ரிக்கைப் போட்டுவிடலாம். முறிந்த ஆன்டெனாவால் பயனில்லை. பேட்டரியும் ரிக்கும் தரைத்தளத்தில் இருக்கக் கூடாது என்பதையும் அந்த வெள்ளம்தான் எல்லோருக்கும் சொன்னது.

கடைசியாக ஒன்று. தனியாகக் கம்பத்தை ஏற்றவோ இறக்கவோ வேண்டாம். கீழே ஒருவர், பக்கத்தில் ஒருவர், ஹெல்மெட், மேலே ஏற வேண்டியிருந்தால் பெல்ட். ரிக்கின் பவர் சப்ளை பிளக்கைக் கழற்றிக் கையோடு எடுத்துக்கொண்டு மாடிக்குப் போங்கள். வேலையை ஆவணிக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசி பிறந்து புயல் எச்சரிக்கை வந்த பிறகு கயிறு பிடிக்க ஆள் கிடைப்பதில்லை. எல்லோரும் அவரவர் கம்பத்தை இறக்கிக்கொண்டிருப்பார்கள்.